விழுங்காமல் சாப்பிட்டவர்

மென்றதைத் துப்பிவிட்டால் அது சாப்பாடா? கரண்டி அக்காவைப் பார்த்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில் போய் முட்டிக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

கேபிள் தொழிற்சாலை கேன்டீனில் அவர்தான் தலைமைச் சமையல்காரர். சமையல் மேடை தேய்க்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரை யாரோ குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். அடுப்புச் சூட்டில் நின்றவர் அதை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். உயிர் தப்பியது; உணவுக்குழாய் வெந்து, தழும்பேறி, அடைத்துக்கொண்டது. எச்சில்கூட இறங்காது. வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்குள் ஒரு ரப்பர் குழாய் வைத்து, கரைத்த சத்துமாவை அதன் வழியே ஊற்றச் சொன்னார்கள். உடம்பு கொஞ்சம் தேறினால் அறுவை செய்து தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் புதுப் பாதை போடலாம், எலும்பும் தோலுமாக வந்தால் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் மருத்துவர்.

உடம்பு தேறவில்லை. ஊற்றியது செரிக்காமல் வயிற்றில் கல் மாதிரி கிடந்தது.

"சாப்பாட்டை வாயில மென்னு துப்பிட்டு அப்புறம் ஊத்துங்க" என்றார் மருத்துவர்.

"இதென்ன கூத்து டாக்டர்?"

"வாசனையும் ருசியும் பட்டாத்தான் மூளை நரம்பு வழியா இரைப்பைக்குச் சேதி அனுப்பும். உடனே அங்க அமிலம் ஊறும். இரைப்பையும் தன் பங்குக்கு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விட்டு இன்னும் ஊற வைக்கும். சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்குனா அங்க வேற ஹார்மோன். ஒண்ணு கணையத்தை எழுப்பும், இன்னொண்ணு பித்தப்பையைப் பிழியும். நீங்க முதல் ஆளையே எழுப்பாம விட்டுட்டீங்க."

"அப்ப இத்தனை நாளும் அடுப்பைப் பத்த வைக்காம அரிசியைப் போட்டிருக்கேன்!"

முதலில் அறைக்குள் உட்கார்ந்துதான் மென்றார். தனியாக மென்ற ரொட்டி வாயில் மரத்தூளாய்க் கிடந்தது. மருமகள் மீன் வறுத்த ஒரு நாள், கிண்ணத்தோடும் குழாயோடும் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டார். மென்றார், துப்பினார், சேலையை லேசாக விலக்கிக் குழாயில் ஊற்றினார். அன்றைக்கு வயிறு பொருமவில்லை.

மகனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அம்மா, உள்ள வச்சு சாப்பிடக் கூடாதா? எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான்டா எறங்கலை. நான் எந்திரிச்சா போயிட்டேன்?"

மருமகளின் அம்மா ஊரிலிருந்து வந்த அன்று மகன் கெஞ்சினான். "இன்னைக்கு ஒருவேளை மட்டும்மா."

"உடம்பு ஏறணுமா வேண்டாமா? சம்பந்திக்காக என் குடல் லீவு போடாது."

நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் கவளம் கிண்ணத்தில் விழுந்ததும் சம்பந்தியம்மாவின் கை பாதியில் நின்றது.

"என்ன சம்பந்தி, கை நின்னுபோச்சு? உங்க பொண்ணு வறுத்த மீன்ல உப்பு கம்மி. விழுங்கினாத்தான் சொல்லணுமா?"

சம்பந்தியம்மா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார். "கம்மிதான்" என்றார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்பை நகர்த்தினாள்.

இதை வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. மகனின் குமட்டலும் பொய்யில்லை. அவன் அதன்பிறகு அம்மாவின் பக்கம் திரும்பாமல்தான் சாப்பிட்டான். ஒருவருடைய பசிக்கு இன்னொருவர் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கா கேட்டுக்கொண்டிருக்கவில்லை; இடத்தை எடுத்துக்கொண்டார்.

எடை ஏறியது. கன்னத்தில் சதை வைத்தது. "இனி தைரியமா ஆபரேஷன் பண்ணலாம்" என்று மருத்துவர் நாள் குறித்தார். மகன் விடுப்புப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மருத்துவமனைக் கட்டிலில் உட்காரச் சொன்னபோது அக்கா உட்காரவில்லை.

"வேண்டாம்" என்றார்.

"அம்மா! இதுக்குத்தானே இவ்வளவு பாடும்!"

"பயமா இருக்கா?" என்று மருத்துவர் கேட்டார்.

"பயமா? எனக்கா?" என்று சிரித்தார். மகன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். காரணம் யாருக்கும் சொல்லவில்லை; அன்று இரவு கிண்ணத்தோடும் குழாயோடும் நடு நாற்காலியில் உட்கார்ந்து, இந்தச் சாப்பாடே போதும் என்பதுபோல் மென்றார்.