வடக்கே போகாத வீடியோ

அண்ணி நண்டு உடைக்க உட்கார்ந்தால் அண்ணனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான். உதவி செய்வதற்கு அல்ல, வறுத்து வைத்ததில் கைவைக்க. “யோவ், கைய எடுய்யா, அப்பால கொயம்புக்கு இன்னாத்தப் போடுறது?” என்று அண்ணி கரண்டியை ஓங்குவார். அவன் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே போனைப் பார்த்துச் சிரிப்பான். எண்ணூர் குப்பத்து வீட்டு வாசலில் இப்படி எடுத்து அண்ணி தன் கணக்கில் போட்ட வீடியோக்களை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எங்கள் ஊரை வரைபடத்தில்கூடத் தேடாதவர்களெல்லாம் மசாலாவில் சோம்பு போட்டீர்களா என்று அக்கறையாகக் கேட்டார்கள்.

ராயபுரத்தில் கடைகளுக்கு விளம்பர வீடியோ போட்டுக்கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அதனால் எதை யாருக்குக் காட்டுவது என்று அந்த வீடியோ செயலி எப்படி முடிவு செய்கிறது என்பது ஓரளவு தெரியும். முதலில் ஒரு சிறு கூட்டத்துக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குக் கொண்டுபோகும். விரலால் தள்ளிவிட்டால் கதை முடிந்தது. நல்லது கெட்டது, அவசரம் ஆபத்து எதுவும் அதற்குத் தெரியாது. இதை அண்ணிக்கு நான்தான் பெருமையாக விளக்கிச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் விடியலில் நண்டு வலையோடு பைபர் படகில் தனியாகப் போன அண்ணன், பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. குப்பத்துப் படகுகள் எல்லாம் தேடப் போயின. அதிகாரிகளிடம் சொன்னோம்; அவர்களும் தேடினார்கள். தெரிந்த ஊர்களுக்கெல்லாம் போன் போட்டோம், ஆனால் கரை நெடுக எத்தனை ஊர். “எஞ்சின் நின்னுருந்தா தண்ணி வடக்கால இழுத்துகினு போயிருக்கும், நெல்லூர் பக்கந்தான் பாக்கணும்” என்றார்கள் பெரியவர்கள். அண்ணிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அந்தப் பக்கத்து மீனவர்கள் கையிலும் போன் இருக்கிறதே. நண்டு உடைக்கும் அதே இடத்தில் நின்று, அண்ணன் படத்தைக் காட்டி, நீலப் படகு, ஓரத்தில் மஞ்சள் பட்டை என்று அடையாளம் சொல்லி, மீன் விற்றுப் பழகிய தெலுங்கிலும் கெஞ்சி ஒரு வீடியோ போட்டார்.

செயலி அதை முதலில் நண்டு பார்க்க வந்தவர்களுக்குக் காட்டியது. அழுகிற முகத்தைப் பார்த்ததும் அவர்கள் தள்ளிவிட்டுப் போனார்கள். கடைசிவரை பார்த்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்குத்தான் எல்லாமே தெரியுமே. வீடியோ குப்பத்தைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது, நெல்லூர் இருக்கட்டும், பக்கத்திலிருக்கும் பழவேற்காட்டைக்கூட எட்டவில்லை.

எங்கள் ஊரில் மைக்கில் கூப்பிட்டுவிட்டால் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். வலை இழுப்பதோ, சாவோ, திருவிழாவோ, வந்து நின்றே ஆக வேண்டும். பஞ்சாயத்தார் அன்றைக்கும் மைக்கைப் பிடித்தார்கள். “அல்லாரும் போனோட கோயிலாண்ட வந்துருங்க. ஒர்த்தரும் வூட்ல குந்திகினு இருக்கக் கூடாது.” நான் அப்போது காவல் நிலையத்தில் இருந்தேன். கோயில் முன்னால் கூடி, ஒரே நேரத்தில் எல்லாரும் வீடியோவை ஓடவிட்டு, ஒரே நேரத்தில் லைக் அழுத்தி, பஞ்சாயத்தார் சொல்லச் சொல்ல ஒரே வரியை எல்லாரும் கீழே எழுதியிருக்கிறார்கள். மறுபடி மறுபடி எழுதியிருக்கிறார்கள். சற்று நேரத்தில் அண்ணியின் கணக்கே முடங்கிவிட்டது. போலியான நடவடிக்கை என்று காரணம் வந்தது. ஒற்றுமை என்று எங்கள் ஊர் காலங்காலமாகச் செய்துவந்த காரியத்துக்கு அங்கே பெயர் மோசடி. முறையீடு செய்தேன். பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. படித்துப் பார்த்த மனிதர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றுகூடப் புரியவில்லை.

அண்ணன் வரவில்லை. படகும் கிடைக்கவில்லை. வெகுநாள் கழித்துக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அண்ணி அதில் எதுவும் போடவில்லை, அந்த வீடியோவை அழிக்கவும் இல்லை. காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விடுவார்.

போன மாதம் திடீரென்று அந்த வீடியோ ஓட ஆரம்பித்தது. ஏன் என்று இந்தத் தொழிலிலேயே இருக்கும் எனக்கும் தெரியாது. கும்பிடும் கைகளும் மெழுகுவர்த்திகளுமாகக் கீழே கருத்துகள் வந்து விழுந்தன. நடுவில் தெலுங்கில் ஒன்று. அண்ணிக்குப் பேச வருமே தவிரப் படிக்கத் தெரியாது. போனை என்னிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பை அழுத்தி, முதலில் மனதுக்குள் படித்திருக்க வேண்டும், வாய்விட்டே படித்துவிட்டேன்.

“இந்தப் படகைப் போன வருடம் நடுக்கடலில் பார்த்தோம் அம்மா. ஒருவர் எழுந்து நின்று கையசைத்தார். நாங்களும் கையசைத்துவிட்டுப் போய்விட்டோம். இந்த வீடியோ இன்றைக்குத்தான் எங்கள் போனில் வந்தது.”

அண்ணி எட்டி, அந்தத் தெலுங்கு எழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, “இத்தினி நாளு இது எங்க கெடந்துச்சு தம்பி?” என்றார்.

அதற்குள் போன் மணியடித்தது. செயலியிடமிருந்து இன்னொரு செய்தி. அதையும் படிக்கச் சொன்னார் அண்ணி. படித்தேன்.

“வாழ்த்துகள்! உங்கள் வீடியோ வழக்கத்தைவிட அதிகம் பேரைச் சென்றடைகிறது. இதே போல் இன்னொன்று போடுங்கள்.”