என் பெயருக்கு வந்த கார்டு

நேற்று மத்தியானம் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். போன் டிங்கென்றது. மகளின் காலேஜிலிருந்து மிட்டெர்ம் மார்க். இரண்டு பாடத்தில் சிவப்பு. "எனக்கு முன்னாடியே வந்துடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்தே ஒரு கை மல்லாட்டையை அள்ளிக்கொண்டு போனாள் அந்த மகராசி. பயமா? மூச்! அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது நான்தான். மல்லாட்டை வாசனையும் மார்க்கும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறி பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். படித்தேன் என்பது பெரிய வார்த்தை. ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். காலேஜில் வாயைத் திறந்தால் இங்கிலீஷ். முதல் மிட்டெர்மில் கேள்வித்தாளை வாங்கி இரண்டு முறை படித்தேன். ஒரு கேள்வியும் புரியவில்லை. ஜன்னலில் மலை தெரிந்தது. மூன்று மணி நேரமும் அதைத்தான் பார்த்தேன். அதற்கு மார்க் உண்டென்றால் நூற்றுக்கு நூறு போட்டிருக்கலாம்.

பரீட்சை முடிந்ததும் எங்கள் காலேஜில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு போஸ்ட் கார்டு வாங்கி, அப்பா பெயரையும் விலாசத்தையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீஸில் மார்க்கை நிரப்பித் தபாலில் சேர்த்துவிடுவார்கள். நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சேர்த்துவிட்ட அன்றே சொல்லியிருந்தார். "ஃபெயிலுனு ஒரு வார்த்தை வந்துச்சின்னா படிப்பு அதோட சரி. மாப்ள பாத்துடுவேன்."

நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். நைனா பெயருக்குப் பதில் என் பெயரையே கார்டில் எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்கு வந்தால் என் கைக்குத்தானே வரும்? எங்கள் தெருவில் வயசுப் பெண் பெயருக்கு அதுவரை ஒரு கடுதாசிகூட வந்ததில்லை என்பது இந்த மரமண்டையில் ஏறவே இல்லை.

ஒரு சனிக்கிழமை. வாசலில் மல்லாட்டை காயப் போட்டு, நைனா துழாவிக்கொண்டிருந்தார். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த எனக்குத் தபால்காரர் குரல் கேட்டது. "பாப்பா பேருக்கு கார்டு வந்திருக்குங்க. நான் ஒண்ணும் படிக்கல. நீங்களே பாருங்க."

சீப்போடு வெளியே ஓடினேன். நைனாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். "பதினெட்டு... நாப்பத்தொண்ணு... ஒம்போது" என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எவன்டி இவன்?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. நைனா என்னை 'டி' போட்டுப் பேசியதே இல்லை.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயையோ! பதினெட்டாந் தேதி ஒம்போது மணிக்கு எங்கியோ வரச் சொல்றான் போலகீதே! அண்ணாமலையாரே, அப்படி ஒண்ணும் இல்லாம இருக்கட்டும். குடும்பத்தோட செருப்பில்லாம மலைய சுத்தி வரேன்!"

மார்க்கைச் சொன்னால் படிப்பு போகும். சொல்லாவிட்டால் படிப்போடு மானமும் போகும். கத்திவிட்டேன். "அது மார்க்கு நைனா! நான் ஃபெயிலு! பிசிக்ஸ்ல பதினெட்டு, கணக்குல ஒம்போது! சத்தியமா ஃபெயிலு!"

யாரும் நம்பவில்லை. ஃபெயிலானதை நிரூபிக்கச் சாட்சி தேடிய மாணவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் தபால்காரர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டை வாங்கினார். "காலேஜ் சீலுதாங்க. பாப்பா ஃபெயிலுதாங்க."

நைனா அப்படியே மல்லாட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! "ஃபெயிலுதானா! அட, இதுக்கா இவ்ளோ கலாட்டா!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தபால்காரருக்கு மோர் கொடுத்தாள். மாப்பிள்ளைப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் பஸ் ஏறினேன்.

பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் இருந்ததுதான். ஆனால் நெஞ்சு எரிந்தது. அந்தப் பதினெட்டைப் பற்றி ஏன் என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு வேண்டுதல்படி மூன்று பேரும் மலையைச் சுற்றினோம். பாதி வழியிலுள்ள அடி அண்ணாமலை வருவதற்குள் என் பாதம் கொப்பளித்துவிட்டது. "நல்லதுக்குத்தானே நடக்கறோம், வா" என்றாள் அம்மா.

அந்தக் கார்டெல்லாம் இப்போது கிடையாது. பெண் பெயருக்கு எத்தனை மெசேஜ் வந்தாலும் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நல்ல வேளை. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வருஷ மிட்டெர்மில் எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல் வாங்கினேன். அந்தக் கார்டில் ஆசை ஆசையாய் நைனா பெயரையே எழுதிக் கொடுத்திருந்தேன். வாங்கிப் பார்த்தார். நான் படித்துக் காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டு மூட்டை தைக்கப் போய்விட்டார்.

அதற்காக யாரும் மலையைச் சுற்றவில்லை.