நேரே வீட்டுக்கு

என் கணவர் குழந்தைவேலு காரைக்குடியில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். கடையில் இருக்கும் சாமான்களைவிட அவரிடம் இருக்கும் சாங்கியங்கள் அதிகம். வெள்ளிக்கிழமை யாருக்கும் ஊசி கொடுக்கக் கூடாது. வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. நிலைப்படியில் நின்று எதையும் வாங்கக் கூடாது. கல்யாணமான நாள் முதல் இத்தனை கூடாதுகளோடு குடித்தனம் நடத்தும் எனக்கு யாராவது மாலை போட்டு மரியாதை செய்யலாம்.

இந்த மனிதருக்கு ஒரே தங்கை, துர்காதேவி. கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருடத்துக்கு முன் புது வீடு கட்டியபோது கிரகப்பிரவேசப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்கவில்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நேரம், பாவம், அவளால் நகர முடியவில்லை. "போன்ல வந்த அழைப்புக்குப் போன்லயே போயிட்டு வந்துட்டேன்னு சொல்லு" என்று இவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டு வாசலைக்கூட இவர் பார்த்ததில்லை.

போன வாரம் துர்கா என்னைக் கூப்பிட்டாள். வயிற்றில் கட்டி, திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஆபரேஷன். "பயமா இருக்கு மதினி. அண்ணனை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்" என்றாள். இவரிடம் சொன்னேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில், "சனிக்கிழமை கும்பகோணம் போறோம்" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"துர்கா வீட்டுக்குத்தானே?"

"கோயிலுக்கு. கும்பகோணத்துல கோயிலுக்கா பஞ்சம்?"

வந்த சந்தோஷம் வந்த வழியே போயிற்று.

சனிக்கிழமை விடியும் முன்பே டிரைவர் ஹுமாயூன் காரோடு வந்துவிட்டான். புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டிய காரை இவர் திருப்பத்தூர் ரோட்டில் விடச் சொன்னார். பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைக்காமல் புறப்படக் கூடாதாம். போகும் வழியில் குன்றக்குடி. "மலையடியில போயிட்டு மேல ஏறாமப் போனா முருகன் கோவிச்சுக்குவாரு" என்றார். ஏறினோம். என் முழங்கால் கோவித்துக்கொண்டதை யாரும் கேட்கவில்லை.

ஒரு வழியாகக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தோம். கும்பேஸ்வரர் சன்னதியில் நின்றவர் நகரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்த பிறகுதான் வெளியே வந்தார். சார்ங்கபாணி கோயிலில் பெருமாளைச் சேவித்து வருவதற்குள் நடை சாத்தும் நேரமாகிவிட்டது. இனி எந்தக் கோயிலானாலும் சாயங்காலம்தான். துர்காவின் வீடு மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. இவரோ குளத்துப் படியில் நிழல் பார்த்துத் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"பக்கத்துத் தெருதாங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"இன்னும் பாதிக் கோயில் கெடக்கு. நடுவுல போயி ஒரு வீட்டுல கைநனைக்கக் கூடாது."

"சரி, எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போவோம்."

"கோயிலுக்குப் போனா நேரே நம்ம வீட்டுக்குத்தான் போகணும். இன்னொருத்தர் வீட்டுக்குள்ள போனா புண்ணியமெல்லாம் அங்கயே தங்கிரும். தெரியாதவ மாதிரி கேக்குற."

நடுவிலும் கூடாது, பின்னாலும் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தட்டு வச்சுக் கூப்பிடலைன்னுதானே இந்த வீம்பு? கும்பேஸ்வரரு தட்டு வச்சா கூப்பிட்டாரு? பெருமாளு வெத்தலை பாக்கோட வந்தாரா? அங்கயெல்லாம் அழைக்காமத்தானே போறீக?"

ஹுமாயூன் சிரிப்பை அடக்கமாட்டாமல் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து துர்காவின் போன். நாங்கள் கும்பகோணம் வருவதை அவளிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். "மதினி, அண்ணனுக்குப் பிடிக்கும்னு கவுனி அரிசி இனிப்பு கிண்டி வச்சிருக்கேன். வருவாகளா?" என்ன சொல்ல? பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். நானும் ஹுமாயூனும் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டோம். இவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நடை திறந்ததும் மறுபடி ஓட்டம். நாகேஸ்வரன் கோயில், ராமசாமி கோயில், சக்கரபாணி, கடைசியாகக் குளக்கரைக் காசி விஸ்வநாதர். விளக்கு வைக்கும் நேரத்தில் காரில் ஏறினார். நேரே காரைக்குடிதான் என்று நானும் சீட்டில் சாய்ந்துகொண்டேன். இரண்டு நாள் இவரோடு பேசுவதில்லை என்று முடிவும் செய்துவிட்டேன்.

"அவ தெரு எது?" என்றார்.

நான் கை காட்டினேன். "ஹுமாயூனு, அங்குட்டுத் திருப்பு."

"கோயிலுக்குப் போயிட்டு இன்னொரு வீட்டுக்கா? புண்ணியம் அங்கயே தங்கிருமே?" என்றேன், குத்தலாகத்தான்.

"தங்கணும்னுதான். பின்ன எதுக்குப் பிள்ளையார்பட்டியில இருந்து சேத்துக்கிட்டு வாரேன்?"

எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. இதைக் காலையிலேயே வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? நாள் முழுக்க அந்த மனிதரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

கார் சத்தம் கேட்டு துர்கா வாசலுக்கு வந்தாள். இளைத்துப்போய்க் கழுத்தெலும்பு தெரிந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நெற்றித் திருநீறையும் கையில் இருந்த பிரசாதப் பையையும் பார்த்தாளோ இல்லையோ, நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கோயில்ல இருந்து நேரேயா வாரீக? உள்ள வராதீகண்ணே. கும்பிட்டதெல்லாம் வீணாப் போயிரும். உங்களைப் பாத்துட்டேன்ல, அது போதும்."

அண்ணனுக்கு ஏற்ற தங்கை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஆபரேஷன் உனக்கா எனக்கா? நகரு" என்று அவள் கையை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

ஹாலோடு நிற்கவில்லை. அடுப்படிக்குப் போனார். அவள் படுக்கிற அறையில் போய்ச் சற்று நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து கவுனி அரிசியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். துர்கா அவர் காலடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவிவிட்டு வந்தவர் பழைய குரலிலேயே ஆரம்பித்தார். "இந்தா பாரு. இன்னைக்கு நானா வந்துட்டேன்னு விட்டுற மாட்டேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து, நல்லா எந்திரிச்சு நடந்து, தட்டோட காரைக்குடிக்கு வந்து என்னை முறையாக் கூப்பிடணும். நீதான் வரணும். வரலைன்னா அப்புறம் பேசவே மாட்டேன்."

"வந்துருவேண்ணே" என்றாள் துர்கா.