ஞாயிற்றுக்கிழமை அளந்த தரை

ரெபேக்காளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அந்தச் சனிக்கிழமை அது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. பல்கலைக்கழக மைக்ரோஸ்கோப் அறைக் கதவில் அவள் ஒட்டியிருந்த தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

"யாரு எல்லப்பா கிழிச்சது?"

"புரொபசர்தான்க்கா கிழிக்கச் சொன்னாரு. மெஷினு கம்பெனி ஆளு வர்றாங்களாம். கதவுல பஸ் டைம் ஒட்டிக்கினு இருந்தா, இது லேபா பஸ் ஸ்டாண்டானு கேக்க மாட்டாங்க?" அட்டெண்டர் எல்லப்பன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அது பஸ் நேரம்தான். கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்கள் வாசலைக் கடக்கும் நேரம், ஜல்லி லாரிகள் திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து வரும் நேரம். அப்போதெல்லாம் படம் எடுக்காதே என்று மாணவர்களுக்கு எழுதியது.

பழைய எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்போடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். கருங்குழிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். செங்கல்பட்டில் பி.எஸ்சி. முடித்து வேலைக்கு வந்த முதல் வருஷமே படங்கள் கலங்கின. "நாத்து புடுங்குன கையா? அதான் நடுங்குது" என்றார் அன்றைய துறைத்தலைவர், எல்லார் முன்னாலும். நடுங்குவது கை இல்லை, தரை என்று கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகும் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இப்போது கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வாங்குகிறார்கள். புரதத்தைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்து, அதன் உருவத்தை அணு அணுவாகக் காட்டுகிற மெஷின். தரை மயிரிழை அதிர்ந்தாலும் படம் பாழ். பேராசிரியர் செங்கல்வராயன் அதற்குப் பிடித்துவைத்திருந்தது சாலையோரத்துக் கண்ணாடி அறை. வருகிற பெரிய மனிதர்கள் காரிலிருந்து இறங்கும்போதே பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் கம்பெனி எஞ்சினியர் ஹேமந்த் வந்து அந்த அறையின் அதிர்வை அளந்துவிட்டுப் போனான். புதன்கிழமை அறிக்கை அவள் மேசைக்கு வந்தது: அறை பொருத்தமானது. மெஷினை இயக்கப்போகிறவள் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். அளந்த தேதியைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாஃப் பஸ் கிடையாது, ஜல்லி குவாரிக்கும் லீவு. அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரே செங்கல்வராயனிடம் போனாள்.

"நான் போட மாட்டேன் சார்."

"படிச்சுப் பார்த்தியாம்மா? எல்லா நம்பரும் லிமிட்டுக்குள்ளதானே இருக்கு?"

"ஞாயித்துக்கெழம அளந்தா இன்னா சார் தெரியும்? லாரி ஓடிக்கினு கீறப்ப வந்து அளக்கச் சொல்லுங்க."

"ரூமை முடிவு பண்றது கமிட்டி. நீ அசிஸ்டென்ட்."

"நாளைக்குப் படம் கலங்குனா கமிட்டியவா திட்டுவீங்க? என்னியத்தான திட்டுவீங்க?"

"அப்ப வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க. அவங்களயும் ஞாயித்துக்கெழம மட்டும் வேலைக்கு வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அறிக்கையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"மேடம், ஞாயித்துக்கிழமை வந்தாதான் தொந்தரவு இருக்காதுன்னு உங்க சார்தான் சொன்னாரு," என்றான் ஹேமந்த்.

"தொந்தரவு இருக்கறப்பதான் தம்பி அளக்கணும். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு வாங்க. நாஸ்தா நான் வாங்கித் தரேன்."

வந்தான். கண்ணாடி அறைத் தரையில் அதிர்வுக் கருவியை வைத்தான். எட்டேகாலுக்கு முதல் பஸ் போனது; லேப்டாப்பில் கோடுகள் துள்ளின. ஒன்பது மணிக்கு லாரிகள் வரிசைகட்டியதும் கோடுகள் திரையை விட்டே ஓடின. கருவியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து ஸ்டோர் ரூமுக்குப் போனார்கள். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் அங்கே கோடு படுத்தே கிடந்தது.

"முன்னாடி ரூம் வேணாம் சார், இதுதான் சரி" என்றான் ஹேமந்த், அங்கே வந்து நின்ற பேராசிரியரிடம்.

செங்கல்வராயன் தாடையைத் தடவினார். "எனக்கு அப்பவே சந்தேகம்ப்பா. அதான் ரெண்டாவது தடவை உன்னை வரச்சொன்னேன்."

ரெபேக்காளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"சார் கூப்புடல தம்பி. நான் கூப்ட்டேன். ரிப்போர்ட்டுல அப்டியே எழுதுங்க."

பேராசிரியர் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஹேமந்த் அவர் முதுகைப் பார்த்தான். அப்புறம் பேனாவைத் திறந்தான்.

"இனிஷியல் சொல்லுங்க மேடம்."

"த. தாவீது பொண்ணு. ரெபேக்காள்னு முழுசா எழுதுங்க."