பவளம் பார்க்கப் போனோம்

எண்பதுகளின் நடுவில் என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்த நான், மத்திகிரியில் வாடகை வீட்டுக்கு வந்தேன். அருகிலிருந்த பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனேன். வகுப்பில் பாதிக்கு மேல் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள். ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை.

பாடப்புத்தகத்தில் பவளப்பாறைக்கு நான்கு வரிதான். நான் அதை ஒரு மாதம் நடத்தினேன். அது வெறும் கல் அல்ல, கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு உயிர்கள், விரல் நீளம் வளரவே வருடங்கள் ஆகும், மிதித்தால் செத்துவிடும் என்றேன். பிள்ளைகள் நம்பினார்கள். தலைமையாசிரியையிடம் மன்றாடி, எட்டாம் வகுப்பை என் ஊருக்கே சுற்றுலா அழைத்துப் போனேன்.

கடல் வற்றியிருந்த காலை நேரம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். புரட்டிப் பார்த்த கல்லை, நான் சொல்லியிருந்தபடியே பழையபடி கவிழ்த்து வைத்தார்கள். பாகலூரிலிருந்து பள்ளிக்கு வரும் பெண் கடல் அட்டையைக் கண்டு அலறினாள். பிறகு யாரும் அதை மிதித்துவிடாமல் பக்கத்திலேயே காவல் நின்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது ஒரு வள்ளம் கரைக்கு வந்தது. விளிம்புவரை பவளக்கல். கடப்பாரையால் பெயர்த்த கற்களிலிருந்து கொழகொழவென்று நீர் வழிந்தது. அதை இறக்கிக்கொண்டிருந்தவன் என் தம்பி. மீன்பிடிக்கப் போவதாகத்தான் எனக்குக் கடிதம் எழுதுவான்.

பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், இது உசுரோட இருக்குதுன்னு சொன்னீங்கல்ல?" என்றாள் பாகலூர்ப் பெண்.

நான் தம்பியைக் கேட்டேன். "ஏண்டா இதைச் செய்யிற?"

"என்னக்கா செய்யச் சொல்ற? விசைப்படகு வந்து எல்லாத்தையும் அரிச்சுட்டுப் போயிருது. வலையில ஒண்ணும் விழல. சுண்ணாம்பு சுடுற காளவாய்க்காரன் இந்தக் கல்லுதான் கேக்குறான். நீ படிச்சு உத்தியோகத்துக்குப் போயிட்ட. நாங்க எங்க போறது?"

பாகலூர்ப் பெண் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். தம்பி தடுக்கவில்லை.

"அது இனிமே பொழைக்காதும்மா" என்றான்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இல்லை, பிழைக்கும் என்று நான் சொல்ல வேண்டுமென்று காத்திருந்தாள். நான் தலையாட்டினேன், அவன் சொல்வது சரிதான் என்று. கல்லை மணலிலேயே போட்டுவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் பள்ளிச் சுற்றுலா கிருஷ்ணகிரி அணையோடு முடிந்தது. நானும் பவளப்பாறையை ஒரே பீரியடில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன். பிள்ளைகள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சில வருடங்களில் எங்கள் ஊர்க் கடலில் உடைக்கக்கூடக் கல் இல்லாமல் போயிற்று. தம்பி பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். கிரானைட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். மாலையில் உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து, இருமிக்கொண்டே சாப்பிடுவான். கடலைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.