புலமைப்பரிசிலும் நாவூறும்

அந்த வசந்தகாலம் வரை என் கணவர் எங்கள் மகளைப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. கஞ்சத்தனம் இல்லை, பயம். பெற்றவர்களே வாய் திறந்து புகழ்ந்தால் பிள்ளைக்கு நாவூறு பட்டுவிடும் என்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் நம்பிக்கை. பார்த்த கண்ணால் வருவது கண்ணூறு, புகழ்ந்த நாக்கால் வருவது நாவூறு. கைக்குழந்தையின் கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பதும் அதற்குத்தான். மகளுக்குப் பொட்டு வைக்கிற வயது போன பிறகும் இவர் விடவில்லை. யாராவது அவளைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால், உடனே ஒரு குறையைத் தேடி எடுத்து அதன்மேல் பொட்டுப்போல வைத்துவிடுவார். "உங்கட மகள் வடிவாப் படிக்கிறாளாம்" என்றால், "என்ன படிச்சு என்ன, ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது" என்பார். எங்கள் வீட்டில் தேநீர் போடுவதே அவள்தான்.

இதையும் மீறி யாராவது புகழ்ந்துவிட்டால் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவள் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுக் கழிக்கப் பார்ப்பார். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் மூன்றாம் மாடியில் இது நடக்கிற காரியமா? ஒருமுறை புகைக்கு அடிக்கிற மணி அலற, கீழ்வீட்டுப் பெண்மணி செருப்போடு ஏறி வந்துவிட்டார். அன்றோடு என் குசினியில் இந்த வேலைக்குத் தடை போட்டேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை. நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். வாயைத் திறக்க மறுக்கிறவர்களோடு பொறுமையாக இருப்பது வேலை நேரத்தில் மட்டும்தான் என்னால் முடியும்.

மகளுக்குக் கணிதமும் பிடிக்கும், மெய்யியலும் பிடிக்கும், பழங்கால வரலாறும் பிடிக்கும். ஒன்றைத் தெரிவு செய் என்றால் மற்ற இரண்டுக்காகவும் வழக்காடுவாள். இங்கே பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் முதலிலேயே பாடத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள்தான் எங்கிருந்தோ 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சிறிய கல்லூரிகள், ஒரு மேசையைச் சுற்றி இருக்கக்கூடிய அளவு பிள்ளைகள்தான் ஒரு வகுப்பில். முதலில் பல துறைகளையும் கலந்து படித்துவிட்டுப் பிறகு ஒன்றில் இறங்கலாம்.

கனடாவில் இருக்கும் என் அக்காவுக்கு இதைச் சொல்லி நான் பட்ட பாடு போதும்.

"உங்கை படிப்புச் சும்மாவெல்லே? பிறகேன் காசு கட்டிற இடத்துக்குப் போகவேணும்? முடிய என்னவா வருவாள்?"

"தெரியாது அக்கா."

"தெரியாமலோ அனுப்பப் போறாய்!"

அக்காவின் கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. கட்டணம் எங்கள் இரண்டு சம்பளத்துக்கும் எட்டாது. ஆகவே மூன்று பேரும் இருந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் முரண்டு பிடிக்காமல் இங்கேயே பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அவள் சரி என்றாள். சரி என்று சொன்ன குரலிலேயே அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

தேடுவது எப்படி என்று சொல்லித்தர எங்களுக்கு ஆள் இல்லை. பின்னேரங்களில் குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு நாங்களே தட்டுத்தடுமாறிக் கற்றோம். முதலில் பேர் கேட்டாலே ஊர் திரும்பிப் பார்க்கிற அமெரிக்கக் கல்லூரிகளைத்தான் பார்த்தோம். அவற்றில் பல, திறமைக்கென்று தனியாக எதுவும் கொடுப்பதில்லை, வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. நாங்கள் கேள்விப்படாத கல்லூரிகள்தான், கெட்டிக்காரப் பிள்ளைகள் தங்களிடமும் வரவேண்டும் என்று, திறமைக்குக் கொடுக்கின்றன.

"ஒருத்தரும் கேள்விப்படாத இடமோ? அப்ப நல்லது. கண்ணூறும் வராது" என்று என் கணவர் திருப்திப்பட்டார்.

அந்தக் கல்லூரிகளிலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழக்கம். சில இடங்களில் அனுமதிக்கு விண்ணப்பித்தாலே புலமைப்பரிசிலுக்கும் பார்ப்பார்கள். சில இடங்களில் தனிக் கட்டுரை கேட்பார்கள், அதற்கு முடிவு நாள் அனுமதிக்கு முந்தியே வந்துவிடும். அதை இணையப் பக்கத்தின் எந்த மூலையிலாவது போட்டிருப்பார்கள். அப்படி ஒன்றைத் தவறவிட்டு மகள் ஒரு மாலை முழுக்க அழுதாள். அடுத்த நாளிலிருந்து வாசிப்பதோடு நிற்காமல் தொலைபேசியை எடுத்துக் கேட்கத் தொடங்கினாள். சிறிய கல்லூரி என்பதன் அருமை அப்போதுதான் விளங்கியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்ற கதையே இல்லை. மனிதர்கள் எடுத்துப் பேசினார்கள். வட ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரிலிருந்த கல்லூரியில் பேராசிரியை ஒருவரே எடுத்தார். அவள் ஒரு கேள்வி கேட்க, அவர் திருப்பி இரண்டு கேள்வி கேட்க, சோறு ஆறும் வரை கதைத்தார்கள்.

அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் பாதிக் கட்டணத்துக்கு வந்தன. மிச்சப் பாதி எங்களால் ஏலாது. கடைசியில் மிஞ்சியது இந்த வட ஜெர்மனிக் கல்லூரிதான். ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம் என்பதால், எனக்கு உள்ளுக்குள் அதில்தான் விருப்பமும். கட்டுரையில் தேறியவர்களை ஒரு சனிக்கிழமை நேரில் கூப்பிட்டார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்கள்.

பழைய செங்கல் கட்டிடம். பிள்ளைகளை ஓர் அறைக்குள் கூட்டிப்போய் விவாதிக்க விட்டார்கள். எங்களை மாணவர்களின் குசினியில் கோப்பியோடும் அப்பிள் கேக்கோடும் இருத்தினார்கள். சிறிது நேரத்தில் மழைச்சட்டையைக் கழற்றிக்கொண்டே அந்தப் பேராசிரியை வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த ஜெர்மன் தாய் தொடங்கினார். மகன் வயலின் வாசிப்பான், முதியோர் இல்லத்துக்குப் போய்ப் புத்தகம் வாசித்துக் காட்டுவான், தானாகவே போலிஷ் மொழி படித்தான். கடைசியில் மகனின் கையெழுத்தைக்கூடப் புகழ்ந்துவிட்டார். நானும் மனதுக்குள் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் பேராசிரியை என்னைக் கேட்கவில்லை, என் கணவரைக் கேட்டார்.

"உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்."

என் கணவர் டிராம் ஓட்டுகிறவர். திருத்தமாக ஜெர்மன் பேசுவார். அந்தத் திருத்தமான ஜெர்மனில், "சோம்பேறி" என்று தொடங்கினார். அறையைக் கூட்டமாட்டாள் என்றார். சாப்பாட்டுக்குப் புத்தகத்தோடு வருவாள், கறி கையிலேயே காய்ந்துபோகும் என்றார். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள் என்றார். ஹம் நகரத்து ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயிலில், தேர் ஏன் இந்தப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்று ஐயரை மறித்துக் கேட்டதையும், அவர் சொன்ன பதில் போதாது என்று திரும்பவும் கேட்டதையும், அர்ச்சனைக்கு நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததையும் சொன்னார். பேராசிரியை கவனமாகக் கேட்டுத் தலையாட்ட, இவருக்கு உற்சாகம் கூடியது. மேசைக்குக் கீழே நான் அவருடைய காலை மிதித்தேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். அந்த ஜெர்மன் தாய் இரக்கப்பட்டுக் கேக் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார்.

திரும்பி வரும் ரயிலில், "நல்ல மனுசி, வடிவாக் கேட்டவ" என்று பேராசிரியையைப் பற்றிச் சொன்னார் என் கணவர். எனக்கு வந்ததே கோபம்.

"கோயில் வாசலில கதைக்கிற கதையை அங்கை போய்க் கதைச்சிட்டு வாறியள்! அந்த மனுசி மகன்ர கையெழுத்தைக்கூட விடாமல் புழுகுது, நீங்கள் பெத்த பிள்ளையைச் சோம்பேறி எண்டுறியள்!"

எதிரே இருந்த மகள் பாட்டுக் கேட்கக் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். "அப்பா என்ன சொன்னவர்?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு அப்படி விடத் தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு நாளைக்கு, இண்டைக்கு மட்டும், நல்லதா ஏதும் சொல்லியிருக்கலாமே அப்பா."

"நல்லதைச் சொன்னா நாவூறு பிள்ளை."

"அவைக்குத் தெரியுமே உங்கட நாவூறு?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹம் நிலையத்தில் ரயில் நிற்கும்போது ஊன்ட்றொப் அம்மனை நினைத்துக் கைகூப்புவது அவர் வழக்கம். அன்றைக்கு ரயில் வெளிக்கிட்ட பிறகும் கூப்பிய கையை எடுக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை அவருக்கு வேலை இல்லாத நாள். புதன் மத்தியானத்தோடு எங்கள் பல் வைத்தியரும் கிளினிக்கை மூடிவிடுவதால் நானும் வீட்டில். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு தொலைபேசியை எடுப்பது தெரிந்தது. யாரோடு என்று யோசிப்பதற்குள், அந்தப் பேராசிரியையின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். தடுக்கலாம் என்று எழும்பினேன், பிறகு நின்றுவிட்டேன்.

"அன்றைக்கு நான் சொன்னதைத் திருத்த வேண்டும்" என்றார், நாங்கள் டொச் என்கிற ஜெர்மனில். தான் டிராம் ஓட்டுநர் சோதனைக்குப் படித்தபோது மகள் நாலாம் வகுப்பு என்றார். அந்தப் புத்தகத்தில் இருந்த ஒவ்வொரு விதிக்கும் அவள் பக்கத்தில் இருந்து ஏன் ஏன் என்று கேட்டாளாம். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் தான் விளங்கிப் படித்தாராம், அதனால்தான் பாஸானாராம். தனக்கு அதிகாலை வேலை என்றால் அவளும் எழும்பித் தேநீர் போட்டுப் போத்தலில் ஊற்றித் தருவாள் என்றார். "அவள் சோம்பேறி இல்லை. இப்படி ஒரு பிள்ளையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதை நான் சொல்ல வேண்டும்."

இத்தனை வருடத்தில் இதில் ஒரு சொல்லைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. கையில் வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அப்போதுதான் கதவடியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள்.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தார்.

"என்னவாம்?"

"தாய் தேப்பனோட கதைக்கிறது கணக்கில்லையாம். பிள்ளையள் அறைக்குள்ள கதைச்சதைக் கேட்டுத்தான் முடிவெடுப்பினமாம். எங்களைச் சும்மா கோப்பி குடிக்கத்தான் இருத்தினவையாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இவ்வளவு புகழ்ந்தது வீண்தானே? நாவூறு வேறை பட்டிருக்கும்."

"படாது" என்றார் உறுதியாக. "அது டொச்சில சொன்னது. டொச்சில நாவூறுக்குச் சொல்லே இல்லை."

வாசல் மணி அடித்தது. மகள் அப்போதுதான் வந்தவள்போல் உள்ளே வந்து, பசிக்கிறது என்றாள். அவள் கதவடியில் நின்று கேட்டதை நானும் அவரிடம் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிழமை போயிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். மகளின் கைத்தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் திருப்பிவிட்டு மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். முழுப் புலமைப்பரிசில். மூன்று வருடத்துக்கும். நான் உரத்து வாசித்துச் சொன்னேன். சந்தோஷத்தில் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டேன்.

அவர் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே, "ஓம் ஓம்" என்றார். "சின்னக் கல்லூரிதானே. வேறை ஆக்கள் கிடைச்சிருக்காது."

மகள் தலையை நிமிர்த்தினாள். முகமெல்லாம் ஈரம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டொச்சில சொல்லுங்கோ அப்பா."

அவர் பிசைந்த கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். நான் சொதியைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது, காது இரண்டும் சிவந்துபோயின. எழும்பிப் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். இப்படி ஒரு பிள்ளையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு, ஒருவரும் கேட்காமலே, அதைத் தமிழிலும் சொன்னார்.

நான் எழும்பிக் குசினிக்குப் போய், புகை மணியைக் கழற்றி வைத்துவிட்டு, செத்தல் மிளகாய்ப் போத்தலைத் திறந்தேன்.