இரண்டு மாதம் ரியாவில் இருந்தவர்

சிராங்கூன் ரோட்டு நாவிதர் கடையில் பாதித் தாடி மழித்திருந்தபோது கோர்ட்டு சேவகன் வாசலில் வந்து நின்றான். "நம்ம மலாய்ப் பண்டிதர் போயிட்டாருங்க." மீதித் தாடியையும் மழித்துக்கொண்ட பிறகுதான் எழுந்தேன். வைத்தியலிங்கம் பிள்ளைக்காகச் சவரத்தைப் பாதியில் விடுகிற சினேகம் எங்களுக்குள் இருந்ததில்லை.

பண்டிதர்! அவரை அறிந்தவர்களுக்கு அது கேலிப் பட்டம் என்று தெரியும். இருவரும் போலீஸ் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர்கள். நான் ஒரு முன்ஷி வாத்தியாரிடம் பத்து வருடம் மலாய் இலக்கணம் படித்தவன். பிள்ளையோ தலைமைக் குமாஸ்தாவுக்கு வேண்டியவர். சர்க்கார் செலவில் ரியாவ் தீவுக்குப் போய் இரண்டு மாதம் மலாய் படித்துவிட்டு வந்தார். மலாய்க்காரர்களைப் போலக் கைலி கட்டிக்கொண்டார். சோற்றுக்குச் சம்பால் துவையல் கேட்டார். "நான் ரியாவிலே இருந்தப்போ" என்று தொடங்காமல் அவருக்குப் பேச வரவில்லை. இலக்கணம் மட்டும் போன இடத்திலேயே தங்கிவிட்டது. முன்பு மெதுவாகச் செய்த பிழைகளை இப்போது வேகமாகச் செய்தார்.

"பிள்ளை, வாக்கியத்துக்கு ரெண்டு பிழை வருது" என்றேன்.

"ரெண்டுதானாண்ணே? போறப்போ நாலு இருந்திச்சே!"

அவரைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். முதல் மொழிபெயர்ப்பாளர் பதவியும் அவருக்கே போனது. சாட்சி பேசும்போது, "புரியல, மறுபடி சொல்லு" என்று மாஜிஸ்திரேட் துரையின் முன்னாலேயே மூன்று தடவை கேட்பார். இதைக் கற்கவா கப்பல் ஏறினார் என்று நான் சொல்லாத ஆளில்லை.

ஒரு நாள் தீவுப் படகோட்டி ஒருவன் கயிறு திருடியதாகக் கூண்டில் நின்றான். அன்று என் முறை. அவன் பேச்சில் பாதி புரிந்தது. தலையாட்டிக்கொண்டே கேட்டு, மீதியை வழக்கம்போல நல்ல இங்கிலீஷால் நிரப்பினேன். துரை தீர்ப்பெழுதப் பேனாவை எடுத்தார். பின்வரிசையிலிருந்து பிள்ளை எழுந்து, துரையிடம் அனுமதி கேட்டு, தம்முடைய ஓட்டை மலாயில் அவனை மறுபடி சொல்லச் சொன்னார். கயிற்றை எடுத்துவரச் சொன்ன படகு முதலாளி கோர்ட்டு வாசலிலேயே நிற்கிறார் என்பதுதான் எனக்குப் புரியாத பாதி. அவரை அழைத்து விசாரித்தார்கள். படகோட்டி வீட்டுக்குப் போனான்.

வராந்தாவில் பிள்ளை சொன்னார்: "ரியாவிலே இறங்கின அன்னிக்கு யாரு என்ன கேட்டாலும் தலையாட்டினேண்ணே. மறுநாள் விடியக்காலம் என்னை மீன்பிடிப் படகுல ஏத்திட்டாங்க. வர்றேன்னு நான்தான் ஒத்துக்கிட்டேனாம்! மூணு நாள் கடல்ல வாந்தி. அதோட தலையாட்டுறதை விட்டுட்டேன்."

நான் புரியாமலே நிரப்பியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையை இன்னும் மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். அவரை எரித்த மறுநாள், கோர்ட்டில் ஒரு மலாய் மீன்காரி சாட்சி சொன்னாள். என் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்தினேன். "புரியவில்லை, மறுபடி சொல்லம்மா" என்றேன்.

இலக்கணப் பிழையில்லாமல்தான் கேட்டேன்.